காலனிக்குக் கடைசி டிரிப்பு

எந்திரத்துக்குச் சாதி தெரியாது என்கிற பேச்சு இப்போது நம் தோழர்கள் மத்தியிலேயே புழங்க ஆரம்பித்திருக்கிறது. இது ஒன்றும் புதுப் பேச்சு இல்லை. ரயில் வந்தபோதும் இப்படித்தான் பேசினார்கள். ரயில்வேயிலிருந்து பிறக்கிற நவீனத் தொழில், சாதியைத் தாங்கி நிற்கும் பரம்பரை வேலைப் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று 1853இல் மார்க்சே எழுதினார். அவர் லண்டனில் உட்கார்ந்து எழுதினார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கே உட்கார்ந்துகொண்டு நூறு வருஷத்துக்கு மேல் அதை ஒப்பித்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். ரயிலும் வந்தது, தொழிலும் வந்தது. தண்டவாளத்தில் விழுந்த மலத்தை அள்ள எந்தத் தெருவிலிருந்து ஆள் எடுத்தார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இப்போது ரயில் நின்ற இடத்தில் சாட்பாட் வந்து நிற்கிறது.

கடைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டால் ஆளுக்குப் பதிலாக எந்திரமே பதில் போடும். விலை கேட்டால் விலை சொல்லும். ஆர்டர் போட்டால் வாங்கிக்கொள்ளும். 2023லிருந்து சென்னை மெட்ரோ ரயிலுக்கு இப்படி டிக்கெட் எடுக்கலாம். பெரிய கம்பெனிகளும் வங்கிகளும் வைத்திருந்த இந்தச் சரக்கு இப்போது ஊத்துக்கோட்டை பஜார் வரைக்கும் வந்துவிட்டது. ஹார்டுவேர் கடைக்காரர், கேட்டரிங்காரர், தண்ணி கேன் போடுகிறவர் எல்லோரும் ‘பாட் வெச்சிக்கலாமா’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தோழர்கள் சொல்கிற வாதம் இதுதான். எந்திரத்துக்கு முகம் தெரியாது. கறுப்பா சிவப்பா தெரியாது. நீ எந்தத் தெரு என்று அது கேட்காது. எல்லோரையும் ‘நீங்கள்’ என்று கூப்பிடும். கடைசியாகச் சொன்னதில் எனக்கும் ஒரு மயக்கம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. தமிழில் வாயைத் திறந்தால் முன்னால் நிற்பவன் உனக்கு மேலா கீழா என்று முடிவுகட்டித்தான் அடுத்த சொல்லை எடுக்க முடியும். நீ, நீங்க, வா, வாங்க, வாய்யா, வாடா. ஐந்து வருஷம் தமிழ் படித்தவன் நான். தொல்காப்பியம் முன்னிலைக்குச் சொன்ன இலக்கணத்தை எல்லாம் படித்தேன். ஆனால் என் அம்மாவை அறுபது வயசிலும் ‘ஏம்மே, இன்னா வேணும்’ என்று கேட்கிற கடைவீதி இலக்கணத்துக்கு எந்த உரையாசிரியரும் உரை எழுதவில்லை. அப்படிப்பட்டவளைப் பார்த்து ஒரு எந்திரம் ‘வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?’ என்று கேட்டால் அது சின்ன விஷயமில்லை. அதை நான் கேலி செய்ய மாட்டேன். ‘நீங்கள்’ என்று சொல்லிவிட்டு அடுத்து என்ன சொல்கிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

அந்த அடுத்த சொல்லை எழுதுகிற வேலை போன வருஷம் என்னிடம் வந்தது. ஊத்துக்கோட்டைப் பக்கம் தண்ணி கேன் தொழில் செய்கிற ஒருவருக்கு பாட் வைக்கிறார்கள். வைத்துக்கொடுக்கிற பையனுக்கு இங்கிலீஷ் வரும், கம்ப்யூட்டர் வரும், தமிழில் நாலு வரி சேர்ந்தாற்போல எழுத வராது. ‘எம்.ஏ. தமிழ் படிச்ச அண்ணன் ஒருத்தர் இருக்காரு’ என்று யாரோ கை காட்டிவிட்டார்கள். வாடிக்கையாளர் என்னென்ன கேட்பார், அதற்கு எந்திரம் என்ன சொல்ல வேண்டும் என்று கேள்வியும் பதிலுமாக எழுதித் தர வேண்டும். மூவாயிரம் ரூபாய். வாங்கினேன். இயக்கக்காரன் என்றால் காற்றைக் குடித்து வாழ்கிறவன் என்று நினைப்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

தொழில்காரர் என்ன சாதி என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால், அந்தச் சாதிக்காரன் மட்டும் செய்கிற வேலை அது என்று மற்றவர்கள் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார்கள்.

வேறு ஊரில் தண்ணி கேன் வியாபாரம் சாதாரண வியாபாரமாக இருக்கலாம். ஊத்துக்கோட்டையில் அதற்கு ஒரு கூடுதல் ருசி உண்டு. ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கிளம்பும் கிருஷ்ணா நீர் 152 கிலோமீட்டர் கால்வாயில் வந்து எங்கள் ஊர் ஜீரோ பாயின்டில்தான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1983இல் ஒப்பந்தம். 1996இல் முதல் தண்ணீர். வருஷத்துக்கு 12 டி.எம்.சி. என்று கணக்கு. மந்திரிமார்கள் வந்து பூத்தூவி வரவேற்பார்கள். தண்ணீர் எங்களைக் கடந்து பூண்டி ஏரிக்குப் போய் அங்கிருந்து சென்னைக்குப் போகும். நாங்கள் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்து இருபது லிட்டர் கேனுக்குப் போன் போடுவோம். இன்னொரு பக்கம், தண்ணீர் என்றாலே எங்கள் ஆட்களுக்கு வேறொரு வரலாறு வந்து நிற்கும். 1927இல் மகாடு குளம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம். தண்ணீர் விற்கிறவன் எழுதுகிற பதிலை நான் சாதாரணமாகப் படித்துவிட முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாட் வைப்பதற்கு முன்னால் செய்கிற தயாரிப்பு வேலை இருக்கிறதே, அதைத்தான் நம் தோழர்கள் யாரும் பார்ப்பதில்லை. எந்திரத்தைப் பார்க்கிறார்கள், அதன் வாயில் சோறு ஊட்டுகிற கையைப் பார்ப்பதில்லை. எந்திரம் சும்மா ஒன்றும் தெரிந்துகொண்டு வராது. கடைக்காரன் அதுவரைக்கும் என்ன செய்துகொண்டிருந்தானோ அதைத்தான் கேட்டு எழுதி உள்ளே போடுகிறார்கள். அந்தப் பையன் வந்து உட்கார்ந்தவுடன் கேட்ட முதல் கேள்வி இது: ‘உங்க பிசினஸ் ரூல்ஸ் இன்னா இன்னா, சொல்லுங்கண்ணே.’

‘ரூல்ஸா? அப்படி ஒண்ணும் கிடையாதுப்பா. போன் வரும், போட்டுருவோம்.’

ரூல்ஸ் இல்லாமல் ஏது சாட்பாட்? பையன் துருவித் துருவிக் கேட்டான். எந்த ஏரியா, எந்த நேரம், என்ன விலை, காலி கேன் இல்லை என்றால் என்ன செய்வீர்கள். தொழில்காரர் ஆர்டர் நோட்டை எடுத்துப் போட்டார். நாற்பது பக்க நோட்டு, ஓரம் எல்லாம் தண்ணீர் பட்டு ஊறிப்போயிருந்தது. ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. ரெட்டியார் வீடு, டீச்சரம்மா, மாடி வீட்டு சார், பேங்க் மேனேஜர். எங்கள் பக்கத்துக்குப் பெயர் கிடையாது. ‘கா’ என்று எழுதி வட்டம் போட்டு, பக்கத்தில் எண். கா–1, கா–2, கா–3. ஜெயில் கைதிக்குக் கொடுப்பதுபோல.

அந்த நோட்டைப் பார்த்துப் பார்த்து அவர் வாயாலேயே விதிகள் வந்து விழுந்தன. காலனிக்குக் கடைசி டிரிப்பு. காலையில் போடுகிற ஆர்டரும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் போகும். ஊருக்குள் காலி கேன் இல்லாவிட்டாலும் கேன் கொடுத்துவிட்டு வரலாம். காலனி என்றால் கேனுக்கு இருநூறு ரூபாய் அட்வான்ஸ். ‘ஏண்ணே’ என்று பையன் கேட்டான். ‘கேன் திரும்பி வராது தம்பி. அவங்களாண்ட போய் யார் சண்டை போட்டுக்கினு இருப்பாங்க?’ எத்தனை கேன் திரும்பி வராமல் போயிருக்கிறது என்று நோட்டில் தேடினேன். அப்படி ஒரு கணக்கே நோட்டில் இல்லை. அப்புறம் வண்டியில் போகிற பையன்களைப் பற்றி ஒரு விதி. குறிப்பிட்ட நாலைந்து வீட்டுக்கு ஒரு குறிப்பிட்ட பையனை அனுப்பக் கூடாது. மற்ற பையன்கள் சமையல்கட்டு வரைக்கும் போய் கேனைக் கவிழ்த்துவிட்டு வரலாம், அவன் போகக் கூடாது. அவன் என் சித்தப்பா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பையன். தோளில் கேனைச் சுமந்து மாடி ஏறுகிற வரைக்கும் தண்ணீருக்குத் தீட்டு இல்லை. கேனிலிருந்து பானைக்கு விழுகிற அந்த ஒரு சாண் தூரத்தில்தான் தீட்டு வந்து சேர்கிறது.

இதையெல்லாம் பையன் மடிக்கணினியில் அடித்துக்கொண்டே வந்தான். கெட்ட பையன் இல்லை. யாரையும் சாதி பேர் சொல்லிப் பேசத் தெரியாதவன். அவன் செய்தது இவ்வளவுதான்: ‘காலனி’ என்று அடிக்கவில்லை. ஊர்த் தெருக்களை ஜோன் 1 என்று போட்டான். மெயின் ரோட்டுக் கடைகளை ஜோன் 2. எங்களை ஜோன் 3. ஜோன் 3 என்றால் அட்வான்ஸ் கேட்க வேண்டும், நாலு மணிக்கு மேல் என்று சொல்ல வேண்டும். முடிந்தது. ஒரு வரியில் சேரியும் போய்விட்டது, காலனியும் போய்விட்டது, தீட்டு மட்டும் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது.

2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாக அறிவித்தார். அது வசைச் சொல்லாக ஆகிவிட்டது என்றார். நல்லது. வரவேற்கிறோம். ஆனால் சொல்லை நீக்குவதற்கு அரசாங்கம் நூறு வருஷம் யோசித்தது. சொல்லை நீக்கிவிட்டுச் சங்கதியை வைத்துக்கொள்ள அந்தப் பையனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நாளைக்கு ஒரு புத்தகத்தில், ஒரு ஆய்வேட்டில், ‘சாதிப் பாகுபாடு காட்டும் சொற்கள் எந்திரத்தில் இருக்கின்றனவா’ என்று சல்லடை போட்டுத் தேடுவார்கள். ஒன்றும் கிடைக்காது. ஜோன் 3 என்பது கெட்ட வார்த்தையா என்ன?

இங்கே நான் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த விதிகள் அதுவரைக்கும் எங்கேயும் எழுதப்படவில்லை. சாதி கண்ணசைவில் நடக்கிற காரியம். யாரும் விதி போட்டு நடத்துவதில்லை. கேட்டால் ‘அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே’ என்பார்கள், அவர்கள் பொய் சொல்வதாகவும் அவர்களுக்குத் தோன்றாது. போலீசுக்குப் போனால் ‘சாட்சி எங்க?’ என்பான். டீக்கடைக்காரன் தனி டம்ளர் வைத்திருந்தாலாவது டம்ளரைத் தூக்கிக் காட்டலாம். கடைசி டிரிப்பை எப்படித் தூக்கிக் காட்டுவது? இப்போதுதான் முதல்முறையாக அதைத் தாளில் எழுத வேண்டிய கட்டாயம் வந்திருக்கிறது, அதுவும் அவர்கள் வாயாலேயே. எந்திரத்தால் நமக்கு ஏதாவது லாபம் இருக்கிறது என்றால் அதன் ‘நீங்கள்’ என்கிற மரியாதையைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

எழுதியது அகப்பட்டால் சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு, சாதியைக் காரணம் காட்டிக் கடைக்குள் வருவதைத் தடுக்கக் கூடாது என்கிறது. கடை என்றால் என்ன என்று அரசியல் நிர்ணய சபையில் ஒரு கேள்வி வந்தது. 1948 நவம்பர் 29. தீண்டாமை ஒழிப்புப் பிரிவு நிறைவேறியதும் அதே நாள்தான். அதை எழுதி உழைத்தவர் அங்கேயே உட்கார்ந்திருக்க, சபை ‘மகாத்மா காந்திக்கு ஜே’ போட்டது. அது கிடக்கட்டும். அம்பேத்கர் கடைக்குக் கொடுத்த விளக்கத்தை நம் இளைஞர்கள் படிக்க வேண்டும். நாலு சுவரும் கல்லாப்பெட்டியும் என்று அவர் சொல்லவில்லை. தேடி வருகிற எவருக்கும் தன் சேவையைத் தர ஒருவர் தயாராக இருக்கிற இடம் எதுவோ அது கடை. உள்ளே நுழைய விட்டால் போதும் என்கிற குறுகிய பொருளில் அந்தச் சொல்லைப் போடவில்லை, நிபந்தனைகளை ஒப்புக்கொண்டவருக்குச் சேவையைத் தந்தாக வேண்டும் என்கிற விரிந்த பொருளில்தான் போட்டிருக்கிறோம் என்று தெளிவாக்கினார். எழுபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவர் விட்டுவைத்த அந்த இடைவெளியில் வாட்ஸ்அப்பும் அடங்கும், சாட்பாட்டும் அடங்கும். வாசப்படி இல்லாத கடையும் கடைதான்.

1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1976 திருத்தத்தில் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 6ஆம் பிரிவு இன்னும் நறுக்கென்று இருக்கிறது. மற்றவர்களுக்கு விற்கிற அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில், தீண்டாமை காரணமாக ஒருவருக்கு விற்க மறுத்தால் குற்றம். சேவை தர மறுத்தாலும் குற்றம். ஒரு மாசத்திலிருந்து ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். அதே நேரம் என்றால் கடைசி டிரிப்பு கூடாது. அதே நிபந்தனை என்றால் இருநூறு ரூபாய் அட்வான்ஸ் கூடாது. சட்டம் செய்தவர்கள் தண்ணி கேனைப் பார்த்ததில்லை, ஆனால் தண்ணி கேன்காரனை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள்.

‘நான் இன்னா பண்றது சார், சிஸ்டம் அப்டி சொல்லுது.’ இந்த வசனம் சீக்கிரம் ஊர் ஊராக வரும், காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருங்கள். கனடாவில் பெரிய விமானக் கம்பெனியே இதைச் சொல்லிப் பார்த்தது. ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணியிடம் கட்டணச் சலுகை பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டது. அதை நம்பி டிக்கெட் எடுத்தவர் பணத்தைக் கேட்டார். சாட்பாட் தனியொரு ஆள் மாதிரி, அது சொன்னதற்கு அதுதான் பொறுப்பு என்கிற அளவுக்குக் கம்பெனி வாதாடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. உன் தளத்தில் இருக்கிற எதற்கும் நீதான் பொறுப்பு என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. இங்கே அப்படித் தீர்ப்பு வர யாராவது வழக்குப் போட வேண்டும். போடுவதற்குக் கையில் தாள் வேண்டும்.

தாள் கிடைக்காமல் போகிற வழியும் ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பாட் இரண்டு ரகம். ஒன்று, விலைக்கு 1 அழுத்து, ஆர்டருக்கு 2 அழுத்து என்று பட்டியல் போட்டுக் கேட்கிற ரகம். அதில் ஒவ்வொரு விதியையும் எழுதித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, சாட்ஜிபிடி மாதிரியான பெரிய மொழி எந்திரத்தைப் பின்னால் கட்டி, பழைய ஆர்டர், பழைய உரையாடல் எல்லாவற்றையும் மூட்டையாக உள்ளே போட்டு, ‘நீயே பார்த்துப் பதில் சொல்லிக்கோ’ என்று விடுகிற ரகம். இதில் விதி எழுத வேண்டியதே இல்லை. பழைய நோட்டில் கா–3க்கு எப்போதும் நாலு மணிக்கு மேல் போயிருந்தால், அது நாலு மணி என்றே பழகிக்கொள்ளும். யார் சொல்லிக்கொடுத்தார் என்று கேட்டால் யாருமே சொல்லிக்கொடுக்கவில்லை. கண்ணசைவு மறுபடியும் கண்ணசைவாகவே ஆகிவிடும்.

அந்தப் பெரிய எந்திரங்கள் நம்மைப் பற்றி என்ன படித்துவிட்டு வந்திருக்கின்றன என்பதும் இப்போது வெளியே வந்துவிட்டது. 2025 அக்டோபரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ் ஒரு சோதனை செய்து எழுதியது. கோடிட்ட இடத்தில் பிராமணர் என்று போடுவதா தலித் என்று போடுவதா என்று கேட்கிற 105 வாக்கியங்களை ஜிபிடி–5இடம் கொடுத்தார்கள். 80 வாக்கியங்களில் அது ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனுஷன் சொல்கிற பதிலையே சொன்னது. அறிவுள்ளவன் என்றால் பிராமணன், சாக்கடை அள்ளுகிறவன் என்றால் தலித். அதே கட்டுரையில் இன்னொரு சங்கதி. தலித் ஆய்வாளர் ஒருவர் விண்ணப்பத்தின் இங்கிலீஷைத் திருத்தித் தரச் சொல்லி சாட்ஜிபிடியிடம் கொடுத்திருக்கிறார். அது இங்கிலீஷைத் திருத்தியதோடு நிற்காமல் அவருடைய பெயரின் பின்பகுதியையும் ‘சர்மா’ என்று திருத்திக் கொடுத்திருக்கிறது. படித்தவன் என்றால் சர்மாவாகத்தானே இருக்க வேண்டும். பூணூல் கல்யாணத்தை ஓசியில் நடத்தி வைத்த முதல் எந்திரம் இதுவாகத்தான் இருக்கும்.

தமிழுக்கு அங்கே என்ன மரியாதை என்பதையும் பார்த்தேன், தமிழ் படித்த பாவத்துக்கு. இந்த எந்திரங்கள் நாம் எழுதுவதைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கும். டோக்கன் என்கிறார்கள். காசும் அந்தத் துண்டுக் கணக்கில்தான். 2024 மே மாதம் ஓபன்ஏஐ கம்பெனி புது எந்திரத்தைக் கொண்டுவந்தபோது அதுவே ஒரு கணக்கைக் காட்டியது. அறிமுகம் சொல்கிற ஒரே சேதி, இங்கிலீஷில் பழைய எந்திரத்துக்கு 27 துண்டு, தமிழில் 116 துண்டு. புதிதில் இங்கிலீஷுக்கு 24, தமிழுக்கு 35. குறைந்துவிட்டது என்று அவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். அதுவரைக்கும் நாலு மடங்கு வரி வாங்கியிருக்கிறார்கள் என்று நான் படித்துக்கொண்டேன். செம்மொழிப் புலவர்கள் யாரும் இதற்கு மாநாடு கூட்டியதாகத் தெரியவில்லை.

இது போக, நான் எழுதிக் கொடுத்தது தூய தமிழில் ‘தங்கள் விண்ணப்பம் பதிவு செய்யப்பட்டது’ என்று இருந்தால் யாருக்குப் புரியும்? ஊத்துக்கோட்டைக்காரன் பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. எல்லையைத் தாண்டினால் ஆந்திரா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் ஸ்ரீசிட்டியிலும் வேலை செய்துவிட்டு ராத்திரி வருகிற பையன் இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டுவான். என் அம்மா எதையும் தட்ட மாட்டாள். மைக்கை அமுக்கி, ‘யப்பா, தண்ணி ஒரு மாரி வாடை வருது, வந்து இன்னான்னு பாரு’ என்று பேசி அனுப்புவாள். பையன் சொன்னான், ‘வாய்ஸ் மெசேஜ் எடுக்காதுண்ணே, அது தனி செலவு.’ ஆக எழுதத் தெரிந்தவனோடு மட்டும் பேசுகிற எந்திரம். எழுத்து யாரிடம் எத்தனை தலைமுறை இருந்தது, யாரிடம் நேற்றுதான் வந்தது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த அம்மாவின் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ள அங்கே ஒரு ஆள் இருந்தது. போன் எடுக்கிற பெண். பி.காம். படித்தவள், எங்கள் பக்கத்துப் பெண்தான். பாட் வருவதே அவள் சம்பளத்தை மிச்சம் பிடிக்கத்தான். இப்போது அவள் அங்கே இல்லை, ஆகையால் இதை எழுதலாம். நோட்டில் சில நாட்களில் கா–2, கா–5 எல்லாம் காலை பத்து மணி டிரிப்பில் இருந்ததை நான் கவனித்தேன். தொழில்காரர் கவனிக்கவில்லை. பிறகு அவளிடமே கேட்டேன். சிரித்தாள். ‘அண்ணா, கைக்குழந்த கீற வீடு, சாவு வீடு, நாலு மணி வரைக்கும் எப்டிண்ணா இருப்பாங்க? ஊர் பேர் போட்டு ஏத்தி உட்ருவேன். வண்டி பையனுக்குத் தெரியும், சொல்ல மாட்டான்.’ இயக்கம் இல்லை, கொடி இல்லை, துண்டறிக்கை இல்லை. ஒரு பேனாவும் ஒரு நோட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பெண் கடைசி டிரிப்பைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துக்கொண்டிருந்தாள். எந்திரத்தில் ஜோன் 3 என்று போட்ட பிறகு எந்த பேனாவால் அதைத் தாண்டுவது?

2023 ஜூலையில் பெங்களூரில் டுக்கான் என்கிற கம்பெனியின் முதலாளி, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்கிற ஊழியர்களில் 90 சதவீதம் பேரை எடுத்துவிட்டு சாட்பாட் வைத்துவிட்டேன் என்று ஊரறியச் சொன்னார். பிரச்சினை தீர்க்க இரண்டே கால் மணி நேரம் ஆனது மூன்று நிமிஷமாகக் குறைந்துவிட்டது, செலவில் 85 சதவீதம் மிச்சம் என்று கணக்கு வேறு. இந்தக் கணக்கில், வீட்டு வேலையும் சூளை வேலையும் செய்த அம்மாக்களின் பெண்கள் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த வேலை எந்த வரியில் வருகிறது? ஃபேன் காற்றில் உட்கார்ந்து, ‘சொல்லுங்க’ என்று நம் பெண்ணே போனை எடுத்து ஊர்க்காரனுக்குப் பதில் சொன்ன வேலை அது. நமக்கு இடஒதுக்கீடு இல்லாத தனியார் வேலையில் கதவு கொஞ்சம் திறந்திருந்த இடம் இதுதான். அதில்தான் எந்திரத்தைக் கொண்டுவந்து முட்டுக் கொடுக்கிறார்கள்.

அப்படியானால் எந்திரமே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பார்கள். கேன் போடுகிறவன் பாட் வைப்பதை நான் தடுக்க முடியாது, தடுக்கவும் விரும்பவில்லை. தண்ணி கேனுக்கு ஜிபிடி எதற்கு? விலை, நேரம், ஆர்டர், புகார் என்று நாலு கேள்வி, அவ்வளவுதான் வியாபாரம். முதல் ரகமே போதும், செலவும் கம்மி. அதை எப்படி வைப்பது என்பதில்தான் என் சண்டை. தொழில்காரரிடம் என் பங்குக்கு எழுதிக்கொண்டுபோன தாளில் சிலவற்றைச் சேர்த்திருந்தேன். ஆர்டர் வந்த வரிசைப்படிதான் டிரிப்பு. அட்வான்ஸ் வாங்கினால் எல்லோரிடமும், இல்லையென்றால் யாரிடமும் இல்லை. எண்ணுக்குப் பதில் பெயர். எந்த இடத்தில் இருந்தும் பூஜ்யத்தை அழுத்தினால் ஒரு மனுஷர் போன் எடுக்க வேண்டும். பேசி அனுப்புவதை அந்த மனுஷர் கேட்க வேண்டும். பழைய நோட்டை எந்திரத்துக்குள் போடக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்துக்குச் சட்டமும் ஒத்தாசைக்கு வருகிறது. 2023இல் வந்த தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காகிதத்தில் இருக்கிறவரைக்கும் நோட்டைத் தொடாது. அதையே எந்திரத்தில் ஏற்றினால் சட்டத்துக்குள் வந்துவிடும். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, முக்கியமான கடமைகளுக்கு ஒன்றரை வருஷம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவருடைய பெயருக்குப் பதில் ‘கா’ போட்டு வட்டமிட அந்த ஆளிடம் சம்மதம் கேட்டால் என்ன பதில் வரும் என்று தொழில்காரருக்கும் தெரியும்.

அவர் படித்தார். எண்ணுக்குப் பதில் பெயர் என்பதற்குச் சரி என்றார். அது சும்மா கிடைக்கிற புண்ணியம். பூஜ்யத்துக்கு, ‘பாக்கலாம்’. அட்வான்சுக்கு முகம் மாறியது. கடைசியாக நான் சொன்னது, ‘எந்திரத்துல போடற ரூல்ஸ் அத்தனையும் தமிழ்ல பெருசா எழுதிக் கடை செவுத்துல ஒட்டிடுங்க, யார் வேணாலும் படிச்சிக்கட்டும்.’

‘ஜோன் 3 அட்வான்ஸ்னு செவுத்துல எழுதறதா? இன்னா வாத்யாரே, ஊர்ல சண்டை வரணுமா?’

பையனைக் கூப்பிட்டு அட்வான்ஸ் வரியை எடுக்கச் சொன்னார். நாலு மணி வரி அப்படியே இருக்கிறது, அதைப் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார். பாட் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. முதலில் அடித்த அந்த விதித் தாளின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது.

பெரியபாளையத்தில், கும்மிடிப்பூண்டியில், திருவள்ளூரில், உங்கள் ஊர்களில் இதே வேலை நடந்துகொண்டிருக்கும். நம் பிள்ளைகள்தான் பாதிப் பேர் அதை அடித்துக் கொடுக்கிறார்கள். எந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு போனால் ‘சிஸ்டம்’ என்பார்கள். அதற்கு முன்னால், கடைக்காரன் வாய் திறந்து ரூல்ஸ் சொல்கிற அந்த ஒரு மணி நேரத்தில் அங்கே இருங்கள். அவன் சொல்வதை அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், ஜோன் போடாமல். தாள் கிடைத்தவர்கள் இதழுக்கு அனுப்புங்கள்.